ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது: பள்ளி நண்பர்கள் சந்திப்பு, அம்மா இரண்டுக்கும் எப்படிப் பிரிப்பது?

கடைசிபெஞ்சுக்காரி:

வணக்கம். இங்கே பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள்தான், முதல் தடவையாக ஒன்று கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி முடித்து 27 வருடமாகிறது. எங்கள் வகுப்பில் 41 பேர். ஆறேழு மாதமாக வாட்ஸ்அப் குழுவில் பேசிப் பேசி, ஒருவழியாக அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடுவது என்று முடிவாகியிருக்கிறது. படித்த ஊரிலேயேதான். அம்மாவும் அதே ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். எனக்கு அது ஓர் இரவுப் பயணம். சனிக்கிழமை இரவு கிளம்பினால் விடிகாலை போய் இறங்கலாம், ஞாயிறு இரவே திரும்பியாக வேண்டும், திங்கட்கிழமை விடுப்பு கிடையாது. ஆக என் கையில் இருப்பது காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை.

அம்மாவுக்கு 76 வயது. இரண்டு வருடமாக மறதி. மறதிநோயின் ஆரம்பம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். போன தடவை நான் போய் நின்றபோது அண்ணியைப் பார்த்து "யார் வந்திருக்கிறது?" என்று கேட்டார். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார், "ஏன் இளைத்துப்போய்விட்டாய்" என்றுகூடக் கேட்டார், ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. இப்போது விஷயத்தைச் சொன்னதும் அண்ணன், "கூட்டாளிகளைப் பார்க்க வருகிறாய், அப்படியே அம்மாவையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாய், அவ்வளவுதானே?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதனால்தான் தைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்த தோழி ஒருத்தி. கடைசிப் பரீட்சைக்கு முன்னால் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் சேர்ந்து படிப்போம். திடீரென்று ஒருநாள் வருவதை நிறுத்திவிட்டாள். காரணம் சொல்லவில்லை, வகுப்பிலும் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். கடைசி நாள் ஆட்டோகிராஃப் நோட்டை என்னிடம் நீட்டினாள். நான் ஒரு வரிகூட எழுதாமல் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம் பேசவே இல்லை. அவளும் இந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாள். வருகிறாளா என்று தெரியாது.

கேள்வி இதுதான். அந்த ஒரு நாளை எப்படிப் பிரிப்பது? முன்னாலேயே அவளுக்கு எழுதலாமா, நேரில் பார்த்துக்கொள்வதா? 41 பேரில் பாதிப் பேரின் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை, இது எனக்கு மட்டும்தானா? அப்புறம், அம்மா இருக்கும் நிலையில் பழைய நண்பர்களை வீட்டுக்கு அழைத்துப்போவது அவருக்கு நல்லதா, தொந்தரவா?

ஒற்றையடிப்பாதை:

அம்மாவிடம் நேரத்தைச் சொல்லிவிடுங்கள், அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள். "வருகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "காலை ஏழு மணிக்கு வருவேன், பதினொரு மணி வரை இருப்பேன்" என்று மணிக்கணக்கோடு சொல்லுங்கள்.

நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மூன்று வருடத்துக்கு முன் கல்லூரி நண்பர்கள் கூடினோம், அன்றைக்கே அப்பாவையும் பார்க்கலாம் என்று இருந்தேன். அப்பாவிடம் போனில் "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அப்பா" என்று சொன்னேன், எப்போது என்று சொல்லவில்லை. நண்பர்களோடு பேச்சு முடியவே இல்லை, ஒருவன் கிளம்ப, இன்னொருவன் வர, இரவு ஒன்பதே கால் ஆகிவிட்டது வீட்டுக்குப் போக. அப்பா வாசல் பக்கம் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிப்போயிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தது, பாக்கெட்டில் மூக்குக்கண்ணாடி. தங்கை சொன்னாள், காலை எட்டு மணிக்கே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டாராம், கசங்கிவிடும் என்று மத்தியானம் படுக்கக்கூட இல்லையாம். எழுப்பினால் என்னைப் பார்த்து, "வந்துட்டியா, நேரமாச்சே, போய்ப் படு" என்றார். அவ்வளவுதான் அன்றைக்கு நாங்கள் பேசியது. அடுத்த வருடம் அவர் போய்விட்டார்.

நண்பர்கள் சந்திப்பு நன்றாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அன்றைய நாளைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அந்தக் கழுத்துப் பொத்தான்தான் ஞாபகம் வருகிறது. முதலில் அம்மா.

நினைவடுக்கு:

பெயர் மறப்பது உங்களுக்கு மட்டும் இல்லை. இதை ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும் 1975இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 392 பேர், பள்ளி முடித்துச் சில மாதமே ஆனவர்களிலிருந்து ஐம்பது வருடத்தை நெருங்குபவர்கள் வரை. அவரவர் பள்ளி ஆண்டுமலரில் இருந்த படங்களையும் பெயர்களையும் வைத்துச் சோதனை. பள்ளி முடித்து 15 வருடம் வரை ஆனவர்கள் முகங்களையும் பெயர்களையும் ஏறத்தாழ 90 சதவீதம் சரியாக அடையாளம் கண்டார்கள். 48 வருடம் ஆன பிறகும் படங்களில் ஏறத்தாழ 70 சதவீதம். ஆனால் எந்தத் துப்பும் இல்லாமல் "உன் வகுப்பில் யார் யார் இருந்தார்கள், பெயர் சொல்லு" என்று கேட்டால், 15 வருடத்திலேயே 60 சதவீதமாக இறங்கிவிடுகிறது, 48 வருடத்தில் 30. அதாவது பெயர் உங்களைவிட்டுப் போகவில்லை, கண் முன்னால் காட்டினால் "ஆமாம், இவன்தான்" என்று வந்துவிடும், தானாக எடுக்க வராது, அவ்வளவுதான்.

இதற்கு எளிய வழி, வருகிற எல்லோரும் சட்டையில் பெயர்ச்சீட்டு குத்திக்கொள்வது. இப்போதைய பெயரோடு அப்போது கூப்பிட்ட பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் மறந்ததற்காக யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

தோழிக்கு முன்னாலேயே எழுதுங்கள். பழைய நட்புக்கு மீண்டும் கைநீட்டுவது பற்றி லாரா ஆக்னினும் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரமும் 2024இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. விருப்பம் இருந்தும், தொடர்பு எண் கையில் இருந்தும், எழுத நேரம் கொடுத்தும்கூட மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே செய்தி அனுப்பினார்கள். முதலில் இப்போது பழகிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்குச் சில நிமிடம் செய்தி எழுதவைத்து, அப்புறம் பழைய நண்பருக்கு எழுதச் சொன்னபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் அனுப்பிவிட்டார்கள். கை பழகினால் வருகிறது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். பெக்கி லியூ குழுவினர் 2022இல் செய்த இன்னொரு ஆய்வில், "எப்படி இருக்கிறாய்" என்று திடீரென்று வரும் ஒரு விசாரிப்பைப் பெறுகிறவர் எவ்வளவு மகிழ்கிறார் என்பதை அனுப்புகிறவர் குறைத்தே கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. எதிர்பாராத விசாரிப்பாக இருந்தால் மகிழ்ச்சி இன்னும் கூடுதல். எனவே இன்று இரவு யாராவது இரண்டு பேருக்கு எழுதிவிட்டு, மூன்றாவதாக அவளுக்கு எழுதுங்கள். சண்டையைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம், "வருகிறாயா, உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது" என்பது போதும்.

நாளைப் பிரிப்பதில் மட்டும் ஒற்றையடிப்பாதை சொல்வதிலிருந்து கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒரு அனுபவத்தை நாம் பிற்பாடு நினைக்கும்போது அதன் உச்சமும் முடிவும்தான் அதிகம் தங்குகின்றன என்று டேனியல் கானமன் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார். அம்மாவைக் கடைசியில் வையுங்கள். நிதானமாக அவரோடு இருந்துவிட்டு அங்கிருந்தே வண்டி ஏறுங்கள்.

மாலைவிளக்கு:

அக்கா, நான் முதியோர் பராமரிப்பில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நினைவடுக்கு சொன்னது எல்லாம் சரி, கடைசிப் பத்தி மட்டும் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. மறதிநோய் உள்ள பலருக்கும் பொழுது சாயச் சாயக் குழப்பம் கூடும். மதியம் வரை கதை பேசிச் சிரித்தவர் ஆறு மணிக்கு "என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று சொந்த வீட்டிலேயே உட்கார்ந்து அழுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி என்றில்லை. அண்ணியிடம் கேளுங்கள், எந்த நேரத்தில் அம்மா தெளிவாக இருக்கிறார் என்று கூட இருக்கிறவருக்குத்தான் தெரியும். பெரும்பாலும் காலைதான் சொல்வார்கள். அந்த நேரத்தை முழுசாக அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

வாசலில் நின்று "நான் யார் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். பாசத்தில்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் பதில் தெரியாதபோது அந்த முகம் சுருங்குவதைப் பார்க்க முடியாது. எதிரில் போய், அவர் கண்ணுக்கு நேராகக் குனிந்து, "அம்மா, நான் உங்கள் சின்னவள் வந்திருக்கிறேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். டிவியை அணைத்துவிட்டு உட்காருங்கள். வயதில் காது மங்கும்போது முதலில் போவது கீச்சென்ற மேல் ஒலிகள்தான். அதனால் பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் அவர்களுக்குத் தெளிவாகப் பிடிபடுவதில்லை, கத்தினால் இன்னும் கலங்கலாகிவிடும். உதடு தெரியும்படி, கொஞ்சம் தாழ்ந்த குரலில், நிறுத்திப் பேசினால் போதும்.

பழைய போட்டோ கொண்டுபோங்கள். போனில் வேண்டாம், விரல் பட்டால் படம் ஓடிவிடும், பயந்துவிடுவார்கள். காகிதத்தில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவர் மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். நேற்று நடந்ததை மறப்பவர்களுக்குப் பழசு தங்கியிருக்கும் என்பதைத் தியோடூல் ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1881லேயே எழுதிவிட்டார், நாங்கள் வேலையில் தினமும் பார்க்கிறோம். தப்பாக ஏதாவது சொன்னால் திருத்த வேண்டாம், "அப்படியா அம்மா, அப்புறம்?" என்று கேளுங்கள்.

நண்பர்களைக் கும்பலாக அழைத்துப்போகாதீர்கள். அம்மாவுக்கு முன்பே நன்றாகத் தெரிந்த ஒருவர், இருபது நிமிடம். சாயங்காலம் என்றால் இருட்டும் முன் விளக்கைப் போட்டுவிடுங்கள்.

நினைவடுக்கு:

மாலைவிளக்கு, நீங்கள் சொல்வதுதான் சரி. நான் நினைத்துப் பார்க்கிறவரின் பக்கத்திலிருந்து மட்டும் யோசித்துவிட்டேன், அம்மாவின் பக்கம் யோசிக்கவில்லை. காலையே அம்மாவுக்கு.

மூன்றாம்வரிசை:

நான் எங்கள் வகுப்புச் சந்திப்பு எதற்கும் போகாதவன். மூன்று தடவை நடந்தது, மூன்றுக்கும் ஏதோ சாக்குச் சொன்னேன். உண்மைக் காரணத்தை இங்கே எழுதுகிறேன், உங்களுக்கு உபயோகப்படலாம். எனக்கு நிலையான வேலை இல்லாத வருடங்கள் அவை. யாரைப் பார்த்தாலும் கைகுலுக்கிய அடுத்த நொடி "இப்போ என்ன பண்ற?" என்பார்கள். அதற்குப் பயந்துதான் போகவில்லை. இப்போது ஒரு வேலை இருக்கிறது, ஆனால் அந்த மூன்று நாட்கள் எனக்குத் திரும்பக் கிடைக்காது. நாலாவது சந்திப்புக்குள் எங்கள் வகுப்பில் என்னோடு மிகவும் நெருக்கமாக இருந்த ஒருவன் இறந்துவிட்டான்.

உங்கள் குழுவில் சொல்லிப்பாருங்கள், முதல் கேள்வியாக வேலையை, பிள்ளைகளின் மார்க்கை, கல்யாணமா இல்லையா என்பதைக் கேட்க வேண்டாம் என்று. பேச நிறைய இருக்கிறது. யார் எந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். இன்னொன்று, எடுக்கிற படங்களைக் கேட்காமல் வெளியே போடாதீர்கள். வந்ததே யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்து வருகிறவரும் இருப்பார். அதற்கு அவருக்கு ஒரு காரணம் இருக்கும்.

கடைசிபெஞ்சுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஒற்றையடிப்பாதை, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்துவிட்டு உடனே அண்ணனுக்குப் போன் செய்து காலை ஏழிலிருந்து பதினொன்று, திரும்ப மாலை ஐந்திலிருந்து எட்டு என்று சொல்லிவிட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "சரிம்மா, வா" என்றார். அண்ணியும் காலையில்தான் அம்மா தெளிவு என்றார்.

மூன்றாம்வரிசை சொன்னதை அப்படியே குழுவில் போட்டேன். ஏழெட்டுப் பேர் சம்மதம் சொன்னார்கள். இதுவரை வாயே திறக்காத ஒருவன், "அப்படியென்றால் நானும் வருகிறேன்" என்று எழுதினான்.

அவளுக்கும் எழுதிவிட்டேன், மூன்றாவதாகத்தான். இரண்டு நாள் கழித்து, "வருகிறேன். நேரில் பேசலாம்" என்று மட்டும் வந்திருக்கிறது. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

கடைசிபெஞ்சுக்காரி:

போய்விட்டு வந்து நாலு நாளாகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீங்கள் இவ்வளவு சொன்னதால் முழுசாகவே எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குப் போனேன். அம்மா குளித்து, தலை வாரி, வெயில் விழும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மாலைவிளக்கு சொன்னபடியே குனிந்து "அம்மா, சின்னவள் வந்திருக்கிறேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்தார், கையைப் பிடித்துக்கொண்டார். என்னைத் தெரிந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. நான் கேட்கவும் இல்லை. அரை மணிநேரம் போல ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. அவர் என் வளையலைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் போட்டோவை மடியில் வைத்தேன். கடைசி வருடம் எடுத்த வகுப்புப் படம், நாலு வரிசை. அம்மா விரலை முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டே வந்தார், ஏதோ எண்ணுகிற மாதிரி. என் முகத்தைத் தாண்டிப் போய்விட்டது விரல். எனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்து முகத்தில் நின்றது. அதுதான் அவள். அம்மா குரலைத் தாழ்த்தி, "இவள் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாளா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திருத்தாதே என்று நீங்கள் சொன்னதுதான் ஞாபகத்தில் இருந்தது. "அப்புறம் அம்மா?" என்றேன்.

"பாவம், தம்பியை வேறு பார்த்துக்கணும். பரீட்சைப் பணம் கட்டலை. நான்தான் கொடுத்தேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிட்டா. நான் சொல்லலை." கடைசி வரியைச் சொல்லும்போது என்னைப் பார்த்து ஒரு மாதிரி பெருமையாகச் சிரித்தார்.

அண்ணி அடுப்படியில் இருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். அவருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. 27 வருடம் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. நான் அவளைப் பற்றிக் கோபமாகப் பேசிய போதெல்லாம், "விடு, அவளுக்கு என்ன கஷ்டமோ" என்பார். அதைச் சமாதானப் பேச்சு என்றுதான் அன்றைக்கெல்லாம் நினைத்தேன்.

பதினொரு மணிக்கு அங்கிருந்து எழுந்து வரக் கால் வரவில்லை, அண்ணன்தான் "நேரம் சொல்லியிருக்கிறாய், போய்விட்டு வா, அம்மா தூங்கும் நேரம்" என்று கொண்டுபோய் விட்டார்.

41 பேரில் 23 பேர் வந்திருந்தோம். வாசலில் நுழைந்ததும் பெயர்ச்சீட்டு கொடுத்தார்கள். அதைப் பார்க்காமலே சிலரை நடையில் கண்டுபிடித்துவிட்டேன், ஒருத்தியை இருமலில். இரண்டு பேரின் முகம் மட்டும் சீட்டைப் படித்த பிறகும் பிடிபடவில்லை, அவர்கள் பேச ஆரம்பித்ததும் குரலில் வந்துவிட்டது. எங்கள் கணக்கு ஐயாவை அழைத்து வந்திருந்தார்கள். எண்பதைத் தாண்டிவிட்டார். ஆளாளுக்குச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள், அவர் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்தது. நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, ஒவ்வொருவராக எதிரில் உட்கார்ந்து பேசச் சொன்னேன். அதற்கப்புறம்தான் அவர் பேசவே ஆரம்பித்தார்.

அவர் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தார். யாரோ முன்னாலேயே வருகைப் பதிவு வரிசையில் எல்லோர் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, அவரவர் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றோம். முதலில் சிரிப்பும் கூச்சலுமாகத்தான் இருந்தது. வராதவர்களின் பெயர் வந்தபோது, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர் சொன்னார். இறந்துபோனவர்கள் இரண்டு பேர். முதல் பெயர் வந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒருவன் மட்டும், அவனோடு ஒரே சைக்கிளில் வந்தவன், எழுந்து நின்றான். ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு உட்கார்ந்தான். ஐயா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அடுத்த பெயரைப் படித்தார். இன்னொன்று கவனித்தேன், அவர் படிக்கப் படிக்க அடுத்த பெயர் என்ன என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. தனித்தனியாக யோசித்தபோது வராத பெயர்களெல்லாம் அந்த வரிசையில் தானாக வந்தன.

யாரும் யாரிடமும் வேலை என்ன என்று கேட்கவில்லை. மூன்றாம்வரிசை, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு வந்தவன் கடைசி வரை இருந்தான், நாற்காலிகளை அடுக்கிவிட்டுத்தான் போனான்.

அவள் தாமதமாக வந்தாள். தூரத்தில் நின்றுகொண்டே எல்லோரோடும் பேசினாள், என் பக்கம் வரவில்லை. நானே போனேன். பேச நினைத்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "அம்மா இன்றைக்குக் காலையில் உன்னைத்தான் கேட்டார், உன் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார்களா என்று" என்றேன். அவள் அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னாள். உன் வீட்டுப் பணத்தில் பரீட்சை எழுதப்போகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை, 17 வயதில் எனக்கு வேறு வழி தோன்றவில்லை என்றாள். ஆட்டோகிராஃப் நோட்டைப் பற்றி நான் ஆரம்பித்தேன். "அது வீடு மாறியதில் எங்கேயோ தொலைந்துவிட்டது, விடு" என்றாள். அவளுடைய அம்மா ஒன்பது வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டார் என்றும் அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தரைக்கு அவளை வீட்டுக்கு அழைத்துப்போனேன், அவளை மட்டும். மறதியைப் பற்றியெல்லாம் வழியிலேயே சொல்லிவிட்டேன். விளக்கைப் போட்டு வைக்கும்படி அண்ணியிடம் முன்பே சொல்லியிருந்தேன். அம்மா காலையில் இருந்த மாதிரி இல்லை, கொஞ்சம் பதற்றமாகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய் எதிரில் தரையில் உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னாள். அம்மா அவள் தலையைத் தடவிவிட்டு, "அம்மாவுக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவள் சொன்னது மட்டும் கேட்டது: "வலி எல்லாம் போயிடுச்சு அம்மா. இப்போ நல்லா இருக்காங்க."

"பணத்தைப் பற்றி நினைக்காதே, நல்லா எழுது" என்றார் அம்மா. "எழுதிட்டேன் அம்மா, பாஸ் பண்ணிட்டேன்" என்றாள். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இருபது நிமிடம் என்று நினைத்தது ஒரு மணிநேரமானது, அம்மாவே அவள் கையை விடவில்லை. அண்ணன் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். படம் எடுக்கவில்லை, யாருக்கும் தோன்றவில்லை.

மாலைவிளக்கு, ஒன்று கேட்க வேண்டும். அவள் அப்படிச் சொன்னது சரிதானா? திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

மாலைவிளக்கு:

அக்கா, சரிதான். இறந்துவிட்டார் என்று சொல்லியிருந்தால் அம்மா அந்தச் செய்தியைப் புதிதாகக் கேட்டு அழுதிருப்பார். மறந்துவிட்டு அடுத்த தடவை மறுபடி கேட்பார், மறுபடி அழுவார். உங்கள் தோழி பொய்யும் சொல்லவில்லை, யோசித்துப் பாருங்கள், வலி போய்விட்டது என்றுதானே சொன்னார். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவதை அவர் தானாகச் செய்திருக்கிறார்.

அந்தப் போட்டோவை அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்களா?

கடைசிபெஞ்சுக்காரி:

விட்டுவிட்டுத்தான் வந்தேன். அண்ணி நேற்றுப் போனில் சொன்னார், காலையில் எழுந்ததும் அதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாராம். இரண்டு தடவை என் முகத்தில் விரலை வைத்து, "இது என் சின்னவள்" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அவள் அதே ஊர்ப்பக்கம்தான் இருக்கிறாள், இந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அம்மாவைப் பார்க்க வருவதாக அண்ணியிடம் நேரம் சொல்லியிருக்கிறாள்.